விட்டுப் போனவங்க திரும்பி வந்தா முருகன் ஏத்துப்பாரா?

ஓம் சரவணபவ.



"மாலை போட்டேன், பாதியிலேயே கழட்டிட்டேன். அதுக்கப்புறம் கோயில் பக்கமே போகல. இப்ப போகணும்னு தோணுது, ஆனா சாமி முன்னாடி நிக்கவே கூச்சமா இருக்கு."

நம்ம வயசுப் பிள்ளைங்க பேச்சுல இது அடிக்கடி வரும். ஒருத்தர் சஷ்டி விரதத்தை மூணாம் நாளே விட்டிருப்பார். ஒருத்தர் காலேஜ் போனதும் சாமியே கிடையாதுன்னு வாதம் பண்ணி, வீட்டுல அம்மா பூசிவிட்ட திருநீற்றை அழிச்சிட்டுக் கிளம்பியிருப்பார். ஒருத்தருக்குக் குடி, இன்னொருத்தருக்கு ஆன்லைன் ரம்மி. போன வழி எதுவா இருந்தாலும் கடைசியில் வந்து நிக்கிற கேள்வி ஒண்ணுதான். திரும்பி வந்தா ஏத்துப்பாரா? அதுக்கு முன்னாடி ஏதாவது செஞ்சு கணக்கைத் தீர்த்துட்டு வரணுமா?

"முருகன் கருணைக்கடல், எல்லாத்தையும் மன்னிச்சிடுவார்" என்று ஒரே வரியில் பதில் சொல்லலாம். அது பொய்யில்லை. ஆனா அந்த ஒரு வரியைக் கேட்டு யாருக்கும் கூச்சம் போன மாதிரி தெரியல. அதனால, நம்ம மண்ணுலயே விட்டுப் போய்த் திரும்பி வந்த ஒருத்தர் கதையைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

குடிகாட்டிலிருந்து சிதம்பரம் ரோட்டைப் பிடிச்சு வடக்கே போனா கடலூர் முதுநகர், அதைத் தாண்டினா திருப்பாதிரிப்புலியூர். நாம திருப்பாப்புலியூர்னு சொல்ற ஊர். மேற்கே பண்ருட்டிப் பக்கம் கெடிலக் கரையில் திருவதிகை. 1,400 வருஷத்துக்கு முன்னாடி இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல நடந்த கதை இது. அப்பர் சுவாமிகள் கதை.

முருக பக்தர்களுக்கு அப்பர் எதுக்குன்னு கேக்காதீங்க. அப்பனைப் பாடினவர் பிள்ளைக்கும் வேண்டியவர்தானே! முருகன் கதையும் இதுக்குள்ள வரும்.

அப்பருக்குப் பெற்றோர் வைத்த பேர் மருள்நீக்கியார். ஊர் திருவாமூர். அக்கா திலகவதியார். அக்காவுக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை நிச்சயம் பண்ணியிருந்தாங்க. அவர் போருக்குப் போயிட்டார். அந்தச் சமயத்தில் அப்பா இறந்தார், அம்மாவும் கூடவே போயிட்டாங்க. அப்புறம் கலிப்பகையாரும் போர்க்களத்தில் இறந்துட்டார்னு செய்தி வருது. அவருக்கென்று மனசால் ஆயிட்ட பிறகு இனி வாழ மாட்டேன்னு அக்கா முடிவு பண்றாங்க. தம்பி காலைப் பிடிச்சுக்கிறார். நீங்களும் போனா உங்களுக்கு முன்னாடி நான் போயிடுவேன்னு அழுகிறார். அந்தத் தம்பிக்காக மட்டும் அக்கா உயிரோட இருக்கிறாங்க.

இந்த இடத்தை மனசுல வச்சுக்கோங்க. அவர் விட்டுப் போனது ஒரு மதத்தை மட்டும் இல்லை. தனக்காக உயிரைத் தாங்கிட்டிருந்த ஒரு ஆளையும்தான்.

வளர்ந்த மருள்நீக்கியார் கெட்டுப்போன பிள்ளை கிடையாது. உலகத்தில் எதுவும் நிலையில்லைன்னு சின்ன வயசுலேயே பட்டுத் தெரிஞ்சவர். கையில் இருந்த செல்வத்தை அறச்சாலைக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் கொடுத்தார்னு பெரியபுராணம் சொல்லுது. எது உண்மைன்னு தேடித்தான் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிக்குப் போனார். அந்தப் பாடலிபுத்திரம்தான் நம்ம திருப்பாதிரிப்புலியூர். சமணம் ஏதோ சாதாரண விஷயம்னு நினைச்சிட வேண்டாம். நாலடியாரும் சீவகசிந்தாமணியும் அந்தச் சமயத்தார் தமிழுக்குத் தந்தவை. அங்க படிச்சு, தேறி, தருமசேனர் என்ற பேரோட தலைமை இடத்துக்கு வந்தார்.

அதனால, கேள்வி கேட்டதுக்காக, தேடிப் போனதுக்காக, "சாமி இருக்கா இல்லையா"ன்னு யோசிச்சதுக்காக யாரும் தலையைக் குனிய வேண்டியதில்லைன்னு நான் நினைக்கிறேன். இந்தக் கதையில் தப்புன்னு எனக்குப் படறது வேற. அக்கா தனியா ஆயிட்டாங்க. அவங்க திருவதிகைக்குப் போய் ஒரு மடத்தில் தங்கி, வீரட்டானேசுவரர் கோயிலைக் கூட்டி மெழுகிக் காலத்தைக் கழிச்சாங்க. தம்பியைத் திருப்பிக் கொடுன்னு சாமிகிட்ட மன்றாடினாங்க. தண்டனை கொடுன்னு ஒருநாளும் கேக்கல.

அப்புறம்தான் தருமசேனருக்குச் சூலை நோய். வயிற்றைப் பிசையற வலி. பள்ளியில் தெரிஞ்ச மந்திரம் எல்லாம் செஞ்சும் நிக்கல. சமையல் பண்றவரை அனுப்பி அக்காவுக்குச் சொல்லி விடுறார். அக்கா என்ன சொன்னாங்க தெரியுமா? அந்தப் பள்ளிக்கு நான் வரமாட்டேன்னுட்டாங்க.

கொஞ்சம் கடுமையாத்தான் தெரியுது இல்ல? எத்தனையோ வருஷம் தம்பிக்காக அழுதவங்க, கூப்பிட்டதும் ஓடியிருக்கலாமே! மன்னிக்கிறதுன்னா அவன் இருக்கிற இடத்துக்கு நாம இறங்கிப் போறதுன்னு நாம நினைச்சிருக்கோம். திலகவதியார் அன்பு வச்சிருந்தாங்க. வாசலையும் திறந்து வச்சிருந்தாங்க. ஆனா நடக்க வேண்டியது தம்பி. அந்தத் தூரத்தை அவருக்காக இவங்க நடக்கல.

அவர் நடந்தார். ராத்திரியில், யாருக்கும் தெரியாம, பக்கத்துல ஆள் தாங்கிப் பிடிக்க. இடுப்புல கட்டியிருந்த பாயைப் போட்டுட்டு வெள்ளைத் துணி உடுத்திட்டு வந்தார். உறியில் தொங்கின குண்டிகையையும் கையில் இருந்த மயிற்பீலியையும் அங்கேயே விட்டுட்டார். (மயில் பீலியை விட்டுட்டு வந்தவருன்னு நம்மாளுங்க யாரும் கோவிச்சுக்க வேண்டாம். அது பூச்சி சாகாம இருக்கச் சமணத் துறவிகள் வச்சிருக்கிறது!)

நேரா கோயிலுக்குப் போகல. திருவதிகைக்கு வந்தவர் முதல்ல விழுந்தது அக்கா காலில்.

இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். வலி தாங்காம வந்தவர், சிவனால்தான் தீரும்னு நம்பி வந்தவர். குறுக்கு வழியா சந்நிதிக்கு ஓடியிருக்கலாம். சாமிகிட்ட மன்னிப்பு வாங்கிட்டா அக்கா முகத்தைப் பார்க்கிற கஷ்டம் இருக்காது. இன்னைக்கு நம்மில் நிறைய பேர் பண்றது அதுதான். ரம்மியில் விட்டது அம்மாவோட தோடு. அதுக்குப் பழனியில் போய் மொட்டை போட்டுட்டு வந்து, "முருகன் மன்னிச்சிட்டார், மனசு லேசாயிடுச்சு" அப்படின்னு ஸ்டேட்டஸ். மனசு லேசாயிருக்கலாம். ஆனா மொட்டை போட்டதால் அடகுக் கடையிலிருந்து தோடு வராது. அம்மா இன்னும் வெறுங்காதோடதான் கல்யாண வீட்டுக்குப் போறாங்க. முருகன் தன் பங்கை மன்னிக்கலாம். அம்மா பங்கையும் சேர்த்து அவரே மன்னிச்சிட்டார்னு நாமளா எப்படிச் சொல்றது?

அதுக்காக, மன்னிச்சே ஆகணும்னு அம்மாவைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. குடிச்சிட்டு அடிச்ச அப்பா ஒருநாள் காவி கட்டிட்டு வந்தா, அந்த வீட்டுப் பொண்ணு அன்னைக்கே சிரிச்சுப் பேசணும்னு சட்டமா இருக்கு? அவளுக்கு அவ நேரம் வேணும். வேண்டாம்னு தோணினா வேண்டாம்தான். திரும்பி வந்தவர் காத்திருக்கணும். கோயில் கதவு உடனே திறக்கும். வீட்டுக் கதவு கொஞ்சம் மெதுவாத் திறக்கலாம்.

சரி, அக்கா காலில் விழுந்தார். அக்கா எங்க போயிருந்தே, எத்தனை வருஷம், நான் பட்டது தெரியுமான்னு பட்டியல் போட்டாங்களா? இல்லை. எழுப்பினாங்க. ஐந்தெழுத்து ஓதித் திருநீறு கொடுத்தாங்க. விடியறதுக்கு முன்னாடி எப்பவும் போல கோயில் வேலைக்குக் கிளம்பினாங்க. துடைப்பம், சாணம், தண்ணிக் குடம். அதையெல்லாம் எடுத்துக்கிட்டுத் தம்பியையும் கூட்டிட்டுப் போனாங்க. சேக்கிழார் இதை ஞாபகமா எழுதியிருக்கார். தம்பி வந்துட்டான்னு அன்னைக்கு வேலையை நிறுத்தல. தினமும் நடக்கிற வேலைக்குள்ள அவரையும் சேர்த்துக்கிட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது.

திரும்பி வர்றவங்களுக்கு இதைவிடப் பெரிய மரியாதை இருக்கான்னு எனக்குத் தெரியல. விழா எடுத்தா கூச்சம். விசாரணை வச்சா அவமானம்.

சந்நிதியில் நின்னு பாடின முதல் பதிகத்தில் அவர் நல்லவனா நடிக்கவும் இல்லை. வலிக்குது, தாங்க முடியல, விலக்குங்கன்னுதான் கேக்கறார். "கஷ்டம் வந்தாத்தான் சாமி ஞாபகம் வருது, நானெல்லாம் என்ன பக்தன்" அப்படின்னு நொந்துக்கிற தம்பிங்களுக்கு இதைச் சொல்றேன். நாலாம் திருமுறை ஆரம்பிக்கிறதே ஒரு வயிற்று வலிக்காரர் போட்ட மனுவில்தான். சிவன் அதை அவமதிப்பா எடுத்துக்கல. வலியும் போச்சு, கூடவே நாவுக்கரசு என்ற பேரும் கிடைச்சது. ஏன் கஷ்டத்தில் மட்டும் வந்தேன்னு ஒரு வார்த்தை கேக்கல.

இப்ப ஒரு கஷ்டமான இடம். அந்தச் சூலையை ஆட்கொள்றதுக்காகச் சிவனே கொடுத்தார்னு பெரியபுராணம் சொல்லுது. அப்படின்னா விட்டுப் போனவங்களுக்கு வர்ற நோயெல்லாம் சாமி கொடுக்கிற தண்டனையா? "விரதத்தை விட்ட, பார்த்தியா ஆக்சிடென்ட் ஆச்சு", "இதை 11 பேருக்கு அனுப்பாதவனுக்குக் கெட்டது நடந்துச்சு" என்று சுத்துதே, அதெல்லாம் சரிதானா?

எனக்கு உடன்பாடு இல்லை. அப்பருக்கு வந்த வலி, அதுக்கு அவர் ஒரு அர்த்தம் கண்டார். அந்த வலிக்காரருக்கு அந்த உரிமை உண்டு. இன்னொருத்தர் வலிக்கு நாம போய் அர்த்தம் சொல்ற உரிமை நமக்கு யாரும் தரல. ஜிப்மர் வார்டில் படுத்திருக்கிறவர்கிட்ட போய், நீ கும்பிடாததால்தான் இதுன்னு சொல்ற வாய் முருகனைப் பாடுற வாயா இருக்க முடியாது. சின்னக் குழந்தைக்குக் கேன்சர் வருது. அது எந்த விரதத்தை விட்டுச்சு? ஒருவேளை உங்களுக்கே உங்க கஷ்டம் முருகன் கையைப் பிடிச்சு இழுத்த மாதிரி தோணினா, தோணட்டும், சந்தோஷம். மருந்தையும் விடாம சாப்பிடுங்க.

விருத்தாசலம் பக்கம் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில் நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அங்க முருகன் பலிபீட வடிவில் இருக்கார். அந்தத் தலத்துக் கதையும் இதே விஷயத்தைத்தான் பேசுது. சுந்தரர் விருத்தாசலத்தை ஏதோ பழைய ஊர், பழைய சாமின்னு நினைச்சுப் பாடாம தாண்டிப் போனாராம். முருகன் வேடனா வந்து வழிமறிச்சு, கையில் இருந்ததைப் பறிச்சுக்கிட்டு, விருத்தாசலத்துக்கு வந்து வாங்கிக்கோன்னு சொன்னாராம். அப்பன் கோயிலைத் தாண்டிப் போனவரைப் பிள்ளை வழிப்பறி பண்ணித் திருப்பி அனுப்பற கதை! இதில் கோபமே தெரியல, குறும்புதான் தெரியுது. பறிச்ச பொருளும் திரும்பக் கிடைச்சுது.

அந்தக் கோயிலில் பிராது கட்டறது ஒரு வழக்கம். திருட்டுப் போச்சு, பணம் ஏமாத்திட்டாங்க, குடும்பத்தில் தகராறு, எதுவானாலும் பேப்பரில் மனுவா எழுதிக் கட்டுவாங்க. விஷயம் தீர்ந்தா வந்து பிராதை வாபஸ் வாங்கணும். அப்படியே விட்டுடக் கூடாது. நம்மில் பல பேர் நம்ம மேலேயே ஒரு பிராதை எழுதி மனசுல கட்டி வச்சிருக்கோம். நான் அவனை விட்டுப் போனவன், எனக்கு அவன் முன்னாடி நிக்கத் தகுதியில்லை, இப்படி. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் ஒண்ணும் சொல்லல. நாமளே பிராது, நாமளே சாட்சி, நாமளே ஜெயில். செய்ய வேண்டிய பரிகாரத்தை மனுஷங்ககிட்ட செஞ்சு முடிச்ச பிறகும் அந்தப் பேப்பர் தொங்கிட்டே இருந்தா, அது பக்தின்னு எனக்குப் படல.

அப்பர் வருத்தப்படாம இருந்தார்னு சொல்ல வரல. சமணத்தில் கழிச்ச நாட்களை நினைச்சுக் கடைசி வரைக்கும் பாட்டில் வருந்தறார். ஆனா அந்த வருத்தம் அவரை மூலையில் உட்கார வைக்கல. உழவாரத்தைத் தோளில் போட்டுக்கிட்டு ஊர் ஊரா நடந்து கோயில் முற்றத்தில் புல் செதுக்க வச்சது. பள்ளியில் உட்கார்ந்து படிச்ச படிப்பும் வீணாகல. அந்த நாக்குதான் நாவுக்கரசு ஆச்சு.

சூரபத்மன் கதையில் முருகன் பண்ணினதும் அதேதான். மாமரமா நின்னவனை வேல் பிளந்தது. ஒரு பாதி சேவல், ஒரு பாதி மயில். அப்பவும் ரெண்டும் சண்டைக்குத்தான் பாய்ஞ்சு வந்துச்சு. முருகன் பார்த்தார், அடங்கிடுச்சு. தூக்கிப் போடல. ஒண்ணு கொடியில, ஒண்ணு மேல ஏறி உட்கார்ந்துட்டார்! நாம எந்த வேகத்தோட எதிர்த்தோமோ அந்த வேகம் அவருக்குத் தேவைப்படுது போல.

அருணகிரிநாதர் கதையும் உங்களுக்குத் தெரியும். வாழ்க்கையை வீணாக்கிட்டோம்னு உடைஞ்சு திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழப்போனவரை முருகன் தாங்கினார்னு சொல்வாங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். விழுந்தாத்தான் பிடிப்பார்னு யாரும் இதைப் படிச்சிடக் கூடாது. சாக வேண்டாம்னு முருகன் நினைச்சார் என்பதுதான் அந்தக் கதை. அப்படி நினைப்பு வந்தா உடனே பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட வாய்விட்டுப் பேசுங்க, இல்லைன்னா 14416-க்கு போன் பண்ணுங்க. தாங்கற கை அங்கேயும் இருக்கும்.

அப்பருக்கு வருவோம். அவர் திரும்பினது பல்லவ ராஜாவுக்குப் பிடிக்கல. நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல்லில் கட்டிக் கடலில் போட்டாங்க. ஐந்தெழுத்தைச் சொன்னார், கல்லே தெப்பமாச்சு. கரை சேர்ந்த இடம்தான் நம்ம கடலூர்ப் பக்கத்துக் கரையேறவிட்ட குப்பம். அங்கிருந்து போய்ப் பாடின கோயில் திருப்பாதிரிப்புலியூர். எந்த ஊரில் தருமசேனரா இருந்தாரோ அதே ஊர்! கடல் அவரை வேற எங்கேயாவது ஒதுக்கியிருக்கலாம். அந்தக் கோயில் சாமிக்குப் பாடலீசுவரர் என்ற பேரோட தோன்றாத்துணைநாதர் என்ற பேரும் உண்டு. கண்ணுக்குத் தெரியாம கூடவே இருக்கிற துணை. பள்ளியில் இருந்த அத்தனை வருஷமும் சாமி அதே ஊரில்தானே இருந்திருக்கார். விட்டுப் போனது ஒரு பக்கம் மட்டும்தான் போல.

அந்த ராஜா மகேந்திரவர்மனும் பின்னால் சைவத்துக்கு வந்தார். வேறு வழியிலிருந்து திரும்பி லிங்கத்தை வழிபட்டதைத் திருச்சி மலைக் குகைக் கல்வெட்டும் சொல்லுது. ஆனா வந்ததைக் காட்டிக்க அவர் என்ன பண்ணினார்? பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடிச்சு, அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினார்னு பெரியபுராணம் சொல்லுது. அப்பர் பாட்டிலும் சமணரைப் பற்றிக் கடுஞ்சொல் நிறைய உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்துச் சண்டை அது. இருந்தாலும் இன்னைக்கு நாம எடுத்துக்க வேண்டியது கடப்பாரையா உழவாரமான்னு கேட்டா, நான் உழவாரம்னு சொல்வேன். புதுசா திரும்பி வந்த பிள்ளைங்க சில பேர், வந்த மறுநாளே அடுத்த மதத்துக்காரனையும் சாமி இல்லைங்கிறவனையும் திட்டிப் பதிவு போடுறாங்க. போன மாசம் வரைக்கும் நீங்களும் அங்கதானே தம்பி இருந்தீங்க? அவங்களுக்கும் ஒரு திலகவதி எங்கேயோ விளக்கு வச்சிட்டிருப்பாங்க.

கடைசியா ஒரு சின்னச் சந்தேகம் கேப்பீங்க. முதல்ல வீட்டுக்குப் போகணுமா, கோயிலுக்கா? வீட்டுல பேசத் தைரியம் வரலைன்னா கோயிலுக்குப் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துட்டு வாங்க, ஒண்ணும் தப்பில்ல. ஆனா அப்பர் ராத்திரியில் அக்காகிட்ட போனார், விடியறப்ப சந்நிதிக்குப் போனார். நடுவுல சில மணி நேரம்தான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!